தார்ப்பாய் எண் பதினேழு

ஆவணி பிறந்து ஆறு நாள்.
தண்டையார்பேட்டையில் இன்னும் சித்திரை.
டயர் கம்பெனி கொடுத்த தேச வரைபடத்தின் கீழே உட்கார்ந்து
லாரிகளுக்குப் பில் எழுதுகிறேன்.
வரைபடத்தில் அசாமைக் கரையான் தின்றுவிட்டது.
வண்டிகள் அதைப் பொருட்படுத்தாமல் போய் வருகின்றன.

ஏழரைக்கு வானிலை.
ஒடிசா கரையோரம் காற்றழுத்தத் தாழ்வு,
விதர்ப்பத்தில் கனமழை, கோசி கரை தாண்டுகிறது,
பிகானேரில் நாற்பத்தொன்று.
வாசிக்கும் பெண் வங்கக் கடல்மேல் நிற்கிறாள்.
அவள் தோள் எப்போதும் எங்கள் ஊரை மறைக்கும்.
நாடெல்லாம் சுற்றிய கை கடைசியில் இறங்கும்போது
சென்னையில் ஓரிரு இடங்களில்
லேசான மழை பெய்யக்கூடும்.
பதினோரு வருடமாய்
அந்த ஓரிரு இடங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வானிலை என்பது தார்ப்பாய்.
ராய்ச்சூர் வரைக்கும் ஒற்றை.
நாக்பூர் என்றால் இரட்டை, கயிறு எட்டுச் சுற்று.
மிளகாய் ஏற்றினால் வெயில் கொளுத்தினாலும் இரட்டை.
தப்பாகச் சொன்னால் மூட்டை முளைக்கும்.
ஒருமுறை முளைத்தது.
கட்டாக் குடோனில் பின்கதவைத் திறந்தபோது
பதினெட்டு டன் கொண்டைக்கடலை
வெள்ளை வால் நீட்டிப் பார்த்ததாம்.
மூன்று மாதம் சம்பளத்தில் பிடித்தார் முதலாளி.

எங்கள் பக்கத்துக்கு யாரும் வாசிப்பதில்லை.
மூக்குதான்.
குப்பை எரியும் வாடை வந்தால்
கொடுங்கையூரிலிருந்து மேல்காற்று.
அழுகிய முட்டை என்றால் மணலியிலிருந்து.
காசிமேட்டு மீன் வந்துவிட்டால் கடல்காற்று ஏறிவிட்டது,
ஃபேனை ஒரு புள்ளி குறைக்கலாம்.
வாடையே இல்லாத மாலைக்குத்தான் பயம்.

இன்று மாலை எந்த வாடையும் இல்லை.

எட்டு மணிக்கு எட்டியப்பன்,
நாக்பூருக்கு இந்தப் பக்கம், பூட்டிபோரியிலிருந்து.
"ஊத்துதுக்கா. வைப்பர் வேல செய்யல.
முன்னாடி நிக்கிற வண்டி நம்பர்கூடத் தெரில."
பாய் இரட்டைதானே என்றேன்.
"அது கெடக்கு. நம்ம பக்கம் எப்டி?"
வெளியே பார்த்தேன்.
எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் வரிசை அசையவில்லை.
மேற்கே மின்னல் மட்டும், சத்தமில்லாமல்,
யாரோ சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்ப்பதுபோல.
"இன்னும் இல்ல" என்றேன்.
லைனில் அவன் ஊர் மழை கொஞ்ச நேரம் பேசியது.
பிறகு அவன்,
கொருக்குப்பேட்டை வீட்டில்
சிமெண்ட் ஷீட் விரிசலைப் பூசாமலே கிளம்பிவிட்டானாம்.
"ஞாயித்துக்கெழம பூசலாம்னு இருந்தேன்.
நீ சனிக்கெழமயே லோடு போட்டுட்ட."

நான்தான் போட்டேன்.

குவாஹாத்தி போய் மதியம் திரும்பிய வண்டியின் பாய்,
எண் பதினேழு, இன்னும் மடிக்கவில்லை.
ஓரமெல்லாம் அந்த ஊர் மஞ்சள் சேறு.
லோடுமேன் தேவதாஸும் நானும்
அதை ஆட்டோவின் தலையில் ஏற்றிக்கொண்டு போனால்
ரயில்வே கேட் மூடியிருக்கிறது.
கூட்ஸ். ஐம்பத்தெட்டு வேகன்.
நாற்பதாவதில் முதல் துளி.

எட்டியப்பன் பெண்சாதி ரோசம்மா
குண்டான், பக்கெட், இட்லிப் பானை
எல்லாவற்றையும் ஏற்கெனவே அதனதன் இடத்தில் வைத்திருந்தாள்.
டிவிக்கு மேல் ஒரு குடை விரித்திருந்தது.
அதன் கீழே அதே பெண்,
அதே தோள்.
தேவதாஸ் கூரையேறினான்.
நான் கீழிருந்து கயிறு கொடுத்தேன்.
எங்கிருந்தோ வந்த சேறு எங்கள் மழையில் கரைந்து
வாசலில் மஞ்சளாய் இறங்கிற்று.
"இன்னா மண்ணுக்கா இது?"
எனக்கெப்படித் தெரியும்.
அந்த ஊரைக் கரையான் தின்ற இடமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

காலைப் பேப்பரில்
நுங்கம்பாக்கத்தில் மழை இல்லை,
மீனம்பாக்கத்தில் தூறல்.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தேன்.
பேரேட்டில் பதினேழுக்கு நேரே
போன ஊர் என்ற கட்டத்தில்
ஓரிரு இடங்கள் என்று எழுதினேன்.
முதலாளி படிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பூட்டிபோரியில் இன்னும் விடவில்லையாம்.
எட்டியப்பன் போன் எடுக்கவில்லை.